உன் கைக்கு அளவெடுக்காத பந்து

தம்பிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சை நான் எடுத்தால் போதும், ஓசூரில் உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். நடுவில் 'அப்பறம் பேசறேம்மா' என்று வைக்கவும் முடியாது. கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பத்திரிகை வைத்து முடித்தாகிவிட்டது, உன் அப்பா பந்தல்காரரோடு சண்டை போட சங்கராபுரம் போயிருக்கிறார், வீட்டில் ஆள் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் உனக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையில் எனக்குப் போட்டி, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான பவுலிங். நாலு மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டேன், அது உனக்கும் தெரியும். தெரிந்தும் மறுவீட்டு விருந்து அதே ஞாயிற்றுக்கிழமை என்று போனில் சொன்னாய். நான் போட்டிக்குப் போகிறேன். இதில் பேரம் கிடையாது. முந்தாநாள் திருக்கோவிலூரில் ஒரு சமாசாரம் தெரிந்துகொண்டேன், அதையும் சொல்கிறேன், ஆனால் கடைசியில். முதலிலேயே சொன்னால் நீ மீதியைப் படிக்க மாட்டாய்.

போனில் நீ பேசியது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அவங்க வூட்ல ஞாயித்துக்கெழமதான்னு சொல்லிட்டாங்கம்மா, நான் இன்னா பண்றது?" என்றாய். நீயும் அவளும் அப்பாவும் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், நான் அடுத்த வாரம் தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குத்தான் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாப்ளயோட அம்மா எங்கன்னு கேப்பாங்க. பேண்ட்டு மாட்டிக்கினு மெட்ராசுல பந்து உருட்டிக்கினு இருக்குறாங்கன்னு சொல்லட்டுமா? அம்பத்திமூணு வயசாவுது. கட்டவெரலு வீங்கிக் கெடக்குது. இன்னும் இன்னாத்துக்கும்மா இது? நிறுத்திடு" என்றாய். வயதைச் சொன்னாய், பொறுத்துக்கொண்டேன். விரலைச் சொன்னாய், அதையும் பொறுத்துக்கொண்டேன். 'உருட்டிக்கினு' என்றாயே, அதுதான் சுட்டது. அறுபது அடிக்கு அந்தப் பக்கம் பாட்டில் வடிவத்தில் பத்து பின்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவில் இருக்கிற சந்தில், சரியான சாய்வில் பந்து நுழைந்தால்தான் பத்தும் விழும். இது உருட்டல் இல்லை என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும்.

நான் எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தேன் என்று நீ யாரிடமும் சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற கூலி வருஷத்தில் பாதி நாள்தான் கிடைத்தது. உனக்கு ஐந்து வயதாகும்போது உன் அப்பா கட்டட வேலைக்குச் சென்னை போனார், பின்னாலேயே நாம் போனோம். அவர் சிமெண்டுச் சட்டி தூக்கிய அதே மாலில் எனக்குத் துடைக்கிற வேலை கிடைத்தது. மூன்றாவது மாடியில் பவுலிங், பந்து ஓடுகிற பலகைப் பாதை எட்டு, லேன் என்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்து, இப்படிக் கண்ணாடி மாதிரி தரையைப் போட்டுவிட்டு அதன் மேல் பாறாங்கல்லை விடுகிறார்களே, இதை எவள் துடைப்பாள் என்று நினைத்தேன். நான்தான் அவள் என்று மத்தியானம் தெரிந்தது.

அந்தத் தரை வெறும் தரை இல்லை. தினமும் காலையில் மெஷின் விட்டு எண்ணெய் பூசுவார்கள். பந்தை விடுகிற கோட்டிலிருந்து சுமார் நாற்பது அடிக்கு எண்ணெய், மீதி காய்ந்த பலகை. நடுவில் ஜாஸ்தி, ஓரத்தில் கம்மி. பார்த்தால் ஒன்றும் தெரியாது. எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்துத் திரும்பும். மெஷின் ரிப்பேரான நாட்களில் பழைய எண்ணெயைத் துடைத்து எடுப்பது என் வேலை. மாப்பு எங்கே தானாக ஓடுகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று கைக்கே தெரிந்துபோனது. பெரிய பெரிய கோச்செல்லாம் கையில் எண்ணெய் வரைபடம் வைத்துக்கொண்டு தேடுகிற விஷயம் இது. எனக்கு எந்தப் படமும் தேவைப்படவில்லை. ஒரு நாள் மெக்கானிக்குக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் விட்டபின் நாலு பந்து போட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை. "நீ போடும்மா, இன்னா கெட்டுப்போச்சு" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போட்டேன். முதல் பந்து ஓரத்து வாய்க்காலில் விழுந்தது. இரண்டாவது ஆறு பின்னைச் சாய்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் பண்ணிய குழம்பில் உப்பே இல்லை என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

உனக்கு இதில் ஒரு புத்தி சொல்ல வேண்டும், ஆட்டத்துக்கும் ஆகும், ஓசூரில் உன் வேலைக்கும் ஆகும். காலையில் போட்ட எண்ணெய் சாயங்காலம் அங்கே இருக்காது. ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும், கொஞ்சத்தை அந்தப் பக்கம் இழுத்துவிடும். காலையில் நின்ற இடத்தில் நின்று, காலையில் போட்ட மாதிரியே போட்டால், பந்து சீக்கிரமாகவே திரும்பி முதல் பின்னுக்கு இடது பக்கம் போய் இடிக்கும். அப்போது வலது கைக்காரன் என்ன செய்ய வேண்டும்? பந்து இடது பக்கம் தப்பினால் காலை இடது பக்கம்தான் நகர்த்த வேண்டும். ஒரு பலகை, இரண்டு பலகை. பந்து தப்புகிற பக்கமே கால் போக வேண்டும் என்பது யார் மனசுக்கும் ஒப்பாது. எதிர்ப் பக்கம் போவார்கள், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று கையை முறுக்குவார்கள். நீயும் ஆபீசில் அதைத்தான் செய்கிறாய். போன மாதம் சரியாக இருந்த முறை இந்த மாதம் ஏன் சரியில்லை என்று மேனேஜரோடு மல்லுக்கு நிற்கிறாய். தரை மாறிவிட்டது. நகர்ந்து நில். நகர்வது தோற்றதாக ஆகாது.

நாலைந்து வருஷத்தில் மாப்பிலிருந்து வாடகை ஷூ கவுண்டருக்கு வந்தேன். வருகிறவர்களின் காலைப் பார்த்தே ஏழா, எட்டா, ஒன்பதா என்று சொல்லிவிடுவேன். "எட்டு கேட்டா ஒன்பது குடுக்குறீங்க" என்று முறைத்துக்கொண்டு போனவர்கள் பத்தாவது நிமிஷம் திரும்பி வந்து ஒன்பதை வாங்கிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நீ அங்கேதான் வருவாய். காலியாக இருக்கிற லேனில் நம் இரண்டு பேரையும் ஆட விடுவார்கள். உன் நடை அப்பவே அழகு. நாலு அடி, நாலாவது அடியில் இடது கால் தானாகச் சறுக்கும், கை ஊஞ்சல் மாதிரி தன் கனத்திலேயே வந்து போகும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பின்னைப் பார்க்காமல் பதினைந்து அடியில் இருக்கிற அம்புக்குறியைப் பார்த்துப் போடுவாய். அந்த வயதில் மற்றவர்கள் எல்லாம் பின்னையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். பதினாலு வயதில் உனக்கென்று சொந்தமாக ஒரு பந்து வாங்கலாம் என்று உன் அப்பாவும் நானும் முடிவு பண்ணினோம். இப்போது எழுதப் போவதை நான் எழுதாமல் பல வருஷம் ஓட்டிவிட்டேன்.

லேனில் கிடக்கிற பொதுப் பந்து எல்லோர் கைக்கும் போட்டது, அதனால் யார் கைக்கும் சேராது. சொந்தப் பந்து என்றால் டிரில் போடுகிறவர் கையை அளந்து மூன்று ஓட்டை போடுவார். கட்டைவிரல் ஓட்டைக்கும் மற்ற இரண்டு விரல் ஓட்டைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் உயிர். உன் கையை அளந்துவிட்டு அவர் எழுதப் போனார். நான் குறுக்கே விழுந்தேன். "வளர்ற புள்ளைங்க. கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுடுங்க. நாளைக்கும் ஆவணும்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது சட்ட இல்ல. மடிச்சித் தச்சிக்கலாம்னு பெருசா எடுக்கறதுக்கு." நான் விடவில்லை. உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் முட்டியைத் தொடுகிற மாதிரிதான் எடுத்தோம், செருப்பு இரண்டு விரல் உள்ளே போகிற மாதிரிதான் வாங்கினோம், நீ வளர்ந்து நிரப்பிவிட்டாய். பந்தையும் நிரப்பிவிடுவாய் என்று நினைத்தேன். கனத்திலும் அப்படியே. பத்து பவுண்டு போதும் என்றார், பதிமூன்று வாங்கினேன். "புடிக்கப் புடிக்க பலம் வரும்" என்று அவருக்கே பாடம் எடுத்தேன். கடைசியில், "உங்க இஷ்டம்மா" என்று போட்டுக் கொடுத்துவிட்டார். ஊர்க்காரன் கால் எல்லாம் பார்த்து அளவு சொன்னவளுக்குப் பெற்ற பிள்ளையின் கை அளவு தெரியவில்லை.

கை சேராத பந்து என்ன செய்யும் என்று இப்போது சொல்கிறேன், நீ அப்போது வாயைத் திறந்து சொல்லாததை. கட்டைவிரல் ஓட்டை பெரிதாக இருந்தால் பந்து நழுவும். நழுவுகிற பந்தை விரலை மடக்கி இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கை ஊஞ்சலாக ஆடாது, முறுக்கிக்கொள்ளும். விரல் தூரம் அகலமாக இருந்தால் உள்ளங்கை இழுபடும், மணிக்கட்டு பின்னால் மடங்கும். கட்டைவிரல் முதலில் வெளியே வர வேண்டும், பிறகு மற்ற இரண்டும். உனக்கு மூன்றும் ஒன்றாக வரும், இல்லை கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும். நான் ஓட்டைக்குள் டேப் ஒட்டினேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆறு டேப். அப்படியும் நீ ஒரு வருஷத்துக்கு மேல் ஆடினாய். உன் அழகான நடை போய்விட்டது, தோள் ஏறிக்கொண்டது, நான் அதற்கும் உன்னையே திட்டினேன்.

மாநில ஜூனியர் டீமுக்கு ஆள் எடுத்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், இல்லாமலா. பதினாறு வயது. ஆறு ஆட்டம். நாலு முடியும்போது நீ மூன்றாவது இடத்தில் இருந்தாய், ஐந்து பேரை எடுப்பார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் கட்டைவிரலின் அடித்தோல் கிழிந்தது. பந்தில் ரத்தம். மணிக்கட்டு இட்லி மாதிரி உப்பியிருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, உனக்குத் தெரியும், ஆனாலும் நான் என் கையால் எழுத வேண்டும். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்: "இன்னா புடிக்கிற? கையில தெம்பு இல்லியா? பொட்டப் புள்ளைங்களே ஆடுது, உனக்கு இன்னாடா கேடு?" நீ ஆறாவது ஆட்டத்தையும் ஆடினாய். ஓரத்துப் பின் ஒன்று மட்டும் நின்ற இடத்தில் நாலு முறை தவறவிட்டாய். வலது ஓரத்துப் பின்னுக்கு இடது பக்கம் வந்து நின்று லேனைக் குறுக்கே கடந்து நேராகப் போட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவன் நீ. அன்றைக்குக் கை கேட்கவில்லை. முடிந்ததும் பந்தைத் துடைத்து, பையில் வைத்து, ஜிப்பை மூடி என் காலடியில் வைத்தாய். அதற்குப் பிறகு நீ பந்தைத் தொடவில்லை. மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு இடது கையால் சாப்பிட்டாய். நான் மட்டும் காலையில் லேனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் கதவருகில் நின்று, "நீ ஆடும்மா. உன் கை நல்லாத்தான் இருக்குது" என்றாய். வாழ்த்துகிறாய் என்று நினைத்துக்கொண்டேன் பார், என்ன மண்டை எனக்கு.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் கழித்து, உன் பந்து சும்மா கிடக்கிறதே, வீணாகக் கூடாதே என்று எடுத்துக்கொண்டு போனேன். பழைய ஓட்டைகளை அடைத்துவிட்டு என் கைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு. டிரில் போடுகிறவர் புதிய ஆள். பந்தை வாங்கி அளந்து பார்த்துவிட்டு, "இது யாருக்குங்க போட்டது? ஆறே கால் அடி ஆளா?" என்று கேட்டார். என் மகனுக்கு, ஐந்தரை அடி, போட்டபோது இன்னும் குள்ளம் என்றேன். அவர் என் கட்டைவிரலை உள்ளே விடச் சொல்லி, மற்ற விரல்களை ஓட்டைகளின் மேல் படுக்க வைத்துக் காட்டினார். விரலின் இரண்டாவது கணு ஓட்டையின் உள்விளிம்பை லேசாகத் தாண்டி நிற்க வேண்டுமாம். என் விரல் நுனியே அங்கே தடவிக்கொண்டிருந்தது. உன் விரலும் அப்படித்தானே நின்றிருக்கும். "இதுல ஆடுனவருக்கு கையி எப்டிங்க இருக்குது இப்போ?" என்று கேட்டார். நல்லா இருக்குது என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாலின் பின்வாசலில், குப்பை வண்டி நிற்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. பந்தில்தான் தப்பு, உன்னிடம் இல்லை, அந்தத் தப்பும் என்னுடையது என்று நாலு வார்த்தை. நாலு வருஷமாகச் சொல்லவில்லை. ஓட்டை போட்டது தெரியாமல் செய்த தப்பு. வாயை மூடிக்கொண்டது தெரிந்து செய்த தப்பு.

மாலில் அந்த பவுலிங் இடத்தை மூடியபின் நாங்கள் ஊருக்குத் திரும்பியதும் நான் ஓய்ந்துவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தீர்கள். கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் இரண்டு லேன் போட்டிருக்கிறார்கள், பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்களுக்காக. ஓனருக்கு எண்ணெய் என்றால் என்ன என்றே தெரியாது, காய்ந்த பலகையில் விட்டுக்கொண்டிருந்தார். நான் போய், வாரத்தில் மூன்று நாள் காலையில் லேனைத் துடைத்து கையாலேயே எண்ணெய் பூசித் தருகிறேன், பதிலுக்கு இரண்டு மணி நேரம் ஆட விடுங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார். மீதி நாட்களில் மக்காச்சோளம் காயப்போடுகிற சிமெண்டுக் களம் இருக்கிறதே, அங்கே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நாலு அடி நடந்து சறுக்கிப் பழகுகிறேன். கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தால் சோளத்தை வாரிக் கட்டிவிட்டு மறுபடி நடப்பேன். "இன்னா, சாமி வந்துச்சா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இப்போது கேட்பதில்லை. உன் அப்பாவும், "போறது போ, கொழம்பு வச்சிட்டுப் போ" என்பதோடு சரி. என் பந்து பத்து பவுண்டு, என் கைக்கு அளந்து போட்டது. விரல் வீங்கினால் இரண்டு நாள் ஆடுவதில்லை. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஐம்பத்திமூன்று வயதில் என் சராசரி போன வருஷத்தைவிட ஒன்பது ஏறியிருக்கிறது. இதை நான் யாருக்காகவும் விடுவதாக இல்லை.

இனி திருக்கோவிலூர். மறுவீட்டுக்கு வர முடியாது என்று போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு முந்தாநாள் பஸ் ஏறினேன். உன் மாமியார் கரும்பு வெட்டுகிற ஆட்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். "சம்மந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, மறுவூட்டுக்கு நான் வர முடியாது" என்றேன். "ஏங்க, ஒடம்புக்கு இன்னா?" என்று பதறிவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, சென்னையில் விளையாட்டுப் போட்டி, நான் ஆடுகிறேன் என்றதும் கரண்டியைக் கீழே வைத்தார். என்ன விளையாட்டு என்று வாயால் சொல்லிப் புரியவில்லை. பத்து டம்ளரை முக்கோணமாக நிறுத்தி, உரித்த தேங்காயை எடுத்து வாசலிலிருந்து விட்டேன். எட்டு விழுந்தது. அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு, "குடுங்க" என்று தேங்காயை வாங்கி அவரும் விட்டார். மூன்று விழுந்தது. இன்னொரு தடவை என்றார். ஐந்தாவது தடவைக்குப் பிறகுதான் எனக்கு வந்த காரியமே ஞாபகம் வந்தது.

"இதுக்கா வர முடியாதுன்னீங்க?" என்றார். "நாங்க புதன்கெழமன்னுதானேங்க சொன்னோம். ஞாயித்துக்கெழம அஷ்டமி. அன்னிக்கி யாரு மறுவூடு வைப்பாங்க? மாப்ளதான் லீவு இல்ல, ஞாயித்துக்கெழமதான் ஆவணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எங்க வூட்டுக்காரரு அதுக்கோசரம் ரெண்டு நாளு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருந்தாரு." உனக்குக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் ஞாயிறு வரைக்கும் லீவு இருக்கிறது என்று நீயே என்னிடம் சொன்னாய். ஆனால் உன்னை நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆமாங்க, லீவுதான் தகராறா இருந்துச்சு. இப்ப கெடச்சிடுச்சு. உங்க இஷ்டப்படி புதன்கெழமயே வச்சிக்குங்க" என்றேன். சம்பந்தியம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆக, மறுவீடு புதன்கிழமை. நாங்கள் இரண்டு பேரும் முடிவு பண்ணிவிட்டோம், அவர் ஆட்டுக்கறிக்கே சொல்லிவிட்டார். இனிமேல் நீ மாற்ற முடியாது.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குக் கோபம் கொதித்தது. தாய் ஆடுவது வெட்கமாக இருக்கிறது, அதனால் பொய் சொல்லித் தடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். தியாகதுருகத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தால் சம்பந்தி வீட்டில் என்னைப் பற்றி மறைத்ததோடு விட்டிருப்பாய், அவ்வளவுதான். அஷ்டமியில் மறுவீடு வைத்துச் சண்டை இழுத்திருக்க மாட்டாய். இது வெட்கம் இல்லை, கோபம். உன் கையைக் கெடுத்தவள் தன் கையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறாள், ஒரு தடவைகூட உன்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கோபம். நான் ஒரு போட்டிக்காவது போகாமல் இருந்தால் கணக்குத் தீரும் என்று உனக்கு உள்ளுக்குள் இருக்கிறது. உனக்கே அது தெரியுமோ தெரியாதோ.

தீராது, தம்பி. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை போகாவிட்டால் உன் மணிக்கட்டு சரியாகிவிடாது, அந்த ஆறாவது ஆட்டம் திரும்பி வராது. அதனால் அந்த விலையை நான் கொடுக்க மாட்டேன். நான் உனக்குக் கொடுக்க வேண்டியது வேறு. உன் கையில் தெம்பு இருந்தது. உன் ஆட்டத்தில் குறை இல்லை. பந்து உனக்குச் சேரவில்லை, அதைச் சேராமல் போட வைத்தவள் நான், அது தெரிந்தும் மறைத்தவள் நான். என்னை மன்னித்துவிடு. இதைக் கேட்கும்போதே இன்னொன்றையும் சொல்கிறேன்: நான் ஆட்டத்தை விட மாட்டேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்ல முடிகிறது. ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை விழுங்கினால் அது பொய்யாகிவிடும்.

உன் பெண்டாட்டிக்குச் சேராத எதையாவது அவள் தலையில் கட்டிவிட்டு 'போகப் போகப் பழகிடும்' என்று மட்டும் சொல்லாதே. அவள் வலிக்கிறது என்றால் உடனே கேள். சொல்லாவிட்டாலும் கையைப் பார். நான் உனக்குச் செய்யாதது அது ஒன்றுதான், நீ செய்.

கோபத்தை விட்டுவிட்டு வா என்று உன்னைக் கூப்பிட மாட்டேன். அது உனக்கு நியாயமாக வந்தது, எவ்வளவு நாள் வேண்டுமோ வைத்துக்கொள். வருவதாக இருந்தால் அதோடேயே வா. அவளையும் கூட்டிக்கொண்டு வா, பின்னால் நாற்காலி போட்டிருப்பார்கள். நான் தப்பாகப் போட்டால், அன்றைக்கு நான் உன்னைப் பார்த்துக் கத்தினேனே, அதே மாதிரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்து. நான் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டு அடுத்த பந்தை எடுப்பேன்.

ஆட்டம் பத்து மணிக்கு.

அம்மா